கண்ணாடி முழுமையாக உள்ளது

ஜன்னல் ஓரம் நீங்கள் உட்காருங்கள் அம்மா, பட்டுப்புடவை கசங்கிவிடும். எனக்கு இந்த ஓரம் போதும். கோணாற்றுப் பாலத்தில் இறங்கிவிடுவேன். ஸ்டாப்பிங் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் நான் இந்தப் பக்கமே இறங்கி நடந்து கடப்பேன். இந்த வழியில் ஓடுகிற கண்டக்டர்கள் எல்லோருக்கும் தெரியும், கேட்காமலே விசில் அடித்துவிடுவார்கள். பயமா என்று கேட்கிறவர்கள் உண்டு. என்ன பயம்? பதினோரு வருஷமாக அந்தப் பாலத்தை என் கையால் துடைத்து வைத்திருக்கிறேன். அதைப் போல உறுதியான பாலம் இந்தச் சாலையில் இல்லை. இறங்கி நடப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

வளைகாப்புக்கா? தட்டைப் பார்த்ததும் நினைத்தேன். நாத்தனார் மகளுக்கா, நல்லது. பதினோரு மணிக்குள் போய்விடுவீர்கள். எனக்கும் பதினோரு மணிக்குத்தான்.

இன்றைக்கு எனக்கு வேலையில் கடைசி நாள். அறுபது முடிந்துவிட்டது. நான் சாலைப் பணியாளர். பெயர் அம்சவேணி. பி.ஏ. தமிழ் படித்தவள் சாலையோரத்தில் புல் வெட்டுகிறாளே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் பச்சையப்பன் இந்த வேலையில் இருந்தார். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் அவர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். கருணை என்றால் ஒரு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, ஒரு சிவப்புக் கொடி, எட்டு கிலோமீட்டர் சாலை, அதில் ஒரு பாலம்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓய்வு. ஆனால் அதற்கு முன்னால் பதினோரு மணிக்குப் பெரிய அதிகாரி ஒருவர் பாலத்துக்கு வருகிறார். பாலத்தின் அடியில் ஏழு கண்ணாடிகள் இருக்கின்றன. ஏழும் முழுதாக இருந்தால் ஃபைலை மூடிவிட்டு என்னை மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஒன்றே ஒன்று உடைந்திருந்தாலும் எனக்கு ஓய்வு கிடையாது. எங்கள் இலாகாவில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. குற்றச்சாட்டு இருந்தால் கடைசி நாளன்று சஸ்பெண்ட் செய்து, ஓய்வு பெற அனுமதி இல்லை என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் வேலையும் இல்லை, ஓய்வும் இல்லை. எங்கள் ஆபீசில் தட்டச்சராக இருந்த ஒருவர் அப்படியே எழுபத்து மூன்று வயது வரைக்கும் நடுவில் நின்றார். அவர் செத்தபோது, பணியில் இறந்தாரா ஓய்வில் இறந்தாரா என்று தெரியாமல், ஆபீஸ் சார்பில் மாலை வாங்கலாமா கூடாதா என்று ஒரு ஃபைல் ஓடியது. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேள்வி.

கண்ணாடி என்றால் முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை. ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம், சாதாரணச் சில்லு. பாலத்தில் விரிசல் விட்டிருந்தால் அதன் குறுக்கே கண்ணாடியை வைத்து இரண்டு முனையிலும் சிமென்டைப் பூசிவிடுவார்கள். விரிசல் அப்படியே இருந்தால் கண்ணாடியும் அப்படியே இருக்கும். விரிசல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். எங்கள் பாலம் அறுபத்தொன்றில் கட்டியது, தூணுக்குத் தூண் இடைவெளியாக ஏழு கண். கண்ணுக்கு ஒரு விரிசல், விரிசலுக்கு ஒரு கண்ணாடி. கிருபாகரன் என்று ஒரு சின்ன வயசு இன்ஜினியர் வந்து ஏழையும் வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புப் பெயின்டால் 12.6.2013 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவருடைய "கி"க்கு மேலே ஒரு சுழி உண்டு, பாம்பு படம் எடுத்த மாதிரி.

"அம்மா, இது பாலத்தோட நாடி. மாசாமாசம் பாத்து ரிஜிஸ்டர்ல எழுதணும்" என்றார்.

"உடைஞ்சா என்ன ஆகும் சார்?"

"உடைஞ்சா பாலத்தை மூட வேண்டியதுதான். எப்ப உடைஞ்சது, எப்படி உடைஞ்சதுன்னு உங்களைத்தான் முதல்ல கேப்பாங்க."

சொல்லிவிட்டு அடுத்த மாதமே மாற்றலாகிப் போய்விட்டார். நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏன் என்றால் அம்மா, எனக்கு ஏற்கெனவே ஒரு அனுபவம் இருந்தது. வேலைக்கு வந்த புதிதில் என் எல்லைக்குள் ஒரு கிலோமீட்டர் கல்லை டிராக்டர் ஒன்று இடித்துச் சாய்த்துவிட்டது. படித்தவள் இல்லையா, அழகான தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆபீசில் கொடுத்தேன். கல் சாய்ந்த வேளையில் தாங்கள் எங்கிருந்தீர்கள் என்று கேட்டு மெமோ வந்தது. நான்காவது கிலோமீட்டரில் இருந்தேன் என்று எழுதினேன். கல் ஏழாவது கிலோமீட்டரில் இருக்கையில் தாங்கள் நான்காவது கிலோமீட்டரில் இருந்ததன் காரணம் என்ன என்று அடுத்தது வந்தது. இரண்டு வருஷம். எங்கள் சாலை ஆய்வாளர் குப்புராஜ் கடைசியில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"ஏம்மா, உனக்கு யாரு எழுதச் சொன்னது? கல்லை நிமித்தி வச்சு மண்ணைத் தள்ளியிருந்தா வேலை முடிஞ்சுது. எழுதுனா உடைச்சது நீன்னு அர்த்தம்."

"விழுந்ததை விழுந்துச்சுன்னுதானே சார் எழுதினேன்."

"விழுந்ததை எவன் எழுதுறான்? நின்னதை எழுது. இருபத்தாறு வருஷமா நான் நின்னதை மட்டும்தான் எழுதுறேன். என் சர்வீஸ் புக்கைப் போய்ப் பாரு, தும்பைப்பூ மாதிரி இருக்கும்."

அதோடு நானும் கற்றுக்கொண்டேன்.

கண்ணாடி வைத்து இருபதாம் நாள், மூன்றாம் கண்ணில் ஒன்று உடைந்து கிடந்தது. விரிசலால் உடையவில்லை, அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அன்று காலை பாலத்தடியில் வெயிலுக்கு ஆடுகள் ஒதுங்கியிருந்தன. ஏதோ ஒரு ஆடு முட்டியிருக்கிறது. ஆளுயரத்துக்கு மேலே இருக்கிற கண்ணாடியை ஆடு எப்படி முட்டும் என்று கேட்பார்கள். ஆடு தாவும். தாவாத ஆட்டை அவர்கள் எங்கே பார்த்தார்களோ.

உடைந்த சில்லுகளை முந்தானையில் முடிந்துகொண்டு டவுனில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற நூருல்லா பாய் கடைக்குப் போனேன். அவர் அளவைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு விரக்கடை அகலத்துல எந்தச் சாமிக்கும்மா படம்?"

"சாமிக்கு இல்ல பாய். பாலத்துக்கு."

"பாலத்துக்கா?"

"விரிசல் மேல ஒட்டறதுக்கு."

"தண்ணி ஒழுகுதா?"

"இல்ல பாய். விரிசல் பெரிசாச்சுன்னா உடையறதுக்கு."

"உடையறதுக்குன்னு வச்சிருந்தாங்க, உடைஞ்சிடுச்சு. அப்பறம் என்னத்துக்கு இன்னொண்ணு?"

"இது ஆடு உடைச்சது பாய்."

மூக்குக் கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். வைர முனையால் ஒரு கீறு கீறி உடைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷர். ஓரத்தில் மிஞ்சுகிற சில்லுகளை எனக்கென்று ஒரு பெட்டியில் போட்டு வைப்பார். நான் போனால், "பாலத்துக்காரம்மா வந்தாச்சு, எத்தனை ஆடு?" என்பார்.

அன்றைக்கே கண்ணாடியைப் பதித்தேன். தேதி இல்லாமல் விட முடியாதே. 12.6.2013 என்றே எழுதினேன். கையெழுத்துத்தான் கஷ்டம். அந்தப் பாம்புச் சுழி வரவில்லை. வீட்டில் ஸ்லேட்டில் நாலு நாள் பழகினேன். அப்புறம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் என் கையெழுத்தைப் போடச் சொன்னால்கூட அந்தச் சுழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாதக் கடைசியில் ரிஜிஸ்டரில் எழுதினேன்: கண்ணாடி முழுமையாக உள்ளது. பொய் இல்லையே? முழுமையாகத்தானே இருந்தது.

அப்புறம் ஐந்தாம் கண். அது பட்டத்தால். திருவிழா வாணவேடிக்கையில் ஒன்று. அக்கினி நட்சத்திர வெயிலில் இரண்டு. ஒரு கல்யாண ஊர்வலம் பாண்டு வாத்தியத்தோடு பாலத்தைக் கடந்தபோது ஒரே நாளில் மூன்று போய்விட்டன. ட்ரம்பெட் என்ன சத்தம் போடும் தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது அம்மா. காரணம் இல்லாமல் ஒரு கண்ணாடிகூட உடைந்ததில்லை. காரணத்தை நான் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது.

பதினோரு வருஷத்தில் எத்தனை இன்ஜினியர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர்கூட உடைந்த கண்ணாடியைப் பார்த்ததில்லை. வேறு யாராலாவது அப்படிச் சொல்ல முடியுமா? கண்ணாடி மட்டும் இல்லை. உத்தரத்திலிருந்து சிமென்ட் பெயர்ந்து விழும். பொறுக்கிச் சேர்த்து, எது எங்கிருந்து விழுந்தது என்று பொருத்திப் பார்த்து, பழையபடி ஒட்டிவிடுவேன். உள்ளே கம்பி துருப்பிடித்துச் செம்பருத்தி மாதிரி சிவந்திருக்கும். மேலே வெள்ளையடித்துவிட்டால் பளிச்சென்று ஆகிவிடும். பாலத்தின் இடுக்கில் அரசங்கன்று முளைக்கும். அதை மட்டும் பிடுங்க மனசு வராது. நுனியை மட்டும் கிள்ளிவிடுவேன்.

ஒரே ஒரு குறை. வருஷத்துக்கு வருஷம் எனக்குக் கை எட்டாமல் போனது. முதல் வருஷம் ஆற்று மணலில் நின்று கையைத் தூக்கினால் கண்ணாடியைத் தொடலாம். மூன்றாம் வருஷம் முக்காலி தேவைப்பட்டது. ஆறாம் வருஷம் ஏணி. இப்போது இருக்கிற ஏணி பதினாறு படி. பெண்கள் வயசானால் குட்டையாகிவிடுவார்கள் என்று டாக்டரம்மாவும் சொன்னார், சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டுத்தான் பார்க்கிறேன். ஆற்றில் வண்டி வண்டியாக மணல் எடுக்கிறார்கள், அந்தப் புழுதி வேறு உடம்புக்கு ஆகாதாம்.

இதோ, கைகாட்டி வந்துவிட்டது. இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

இதற்கு நடுவில் பைபாஸில் புதுப்பாலம் திறந்தார்கள். அதுவும் இதே ஆற்றின் மேல்தான், இரண்டு கிலோமீட்டர் கிழக்கே. ஆறே வருஷத்தில் அதிலும் விரிசல். அங்கேயும் கண்ணாடி வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவன் மாசிலாமணி. என்னைவிடப் பத்து வயது சின்னவன், அக்கா அக்கா என்று பழகுவான். போன மார்கழியில் அவன் பாலத்தில் இரண்டு கண்ணாடி உடைந்தது. அவன் என்ன செய்தான் தெரியுமா? உடைந்தது என்று எழுதிவிட்டான்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "ஏண்டா, உனக்கு வேற வேலை இல்லையா?"

"உடைஞ்சுதுக்கா. எழுதிட்டேன்."

"பக்கத்துல ஆடு கீடு இருந்துச்சான்னு பாத்தியா?"

"ஆடு எங்கக்கா வரும் அங்க? ஒரு பக்கம் பூரா தண்ணி."

"மீன் இருந்திருக்கும்."

அவன் சிரிக்கவே இல்லை. "உன் கண்ணாடி மட்டும் எப்படிக்கா உடையறதே இல்ல? ஆறு வயசுப் பாலத்துக்கே இந்தக் கதி. உன் பாலத்துக்கு அறுபது."

"கவனிச்சுக்கணும்டா. மனுஷங்க மாதிரிதான் பாலமும்."

புதுப்பாலத்தை மூடிவிட்டார்கள். மாசிலாமணிக்கு மெமோ வந்தது. எனக்கு ஜனவரி இருபத்தாறாம் தேதி மைதானத்தில் கூப்பிட்டு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். சிறந்த பராமரிப்பு. கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து பாலத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்து சிமென்டே வேறு என்று அவர்களுடைய சார் சொன்னார். நான் ஒட்டிய துண்டைக் காட்டித்தான் சொன்னார்.

பாலம் உறுதி என்று முடிவானதும், பைபாஸில் போய்க்கொண்டிருந்த ஜல்லி லாரி, சிமென்ட் லாரி, கன்டெய்னர் எல்லாவற்றையும் இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். தை, மாசி, பங்குனி, சித்திரை. அந்த நாலு மாதத்தை நான் எப்படிச் சொல்வேன்?

முதலில் வாரத்துக்கு ஒன்று உடைந்தது. பிறகு நாளைக்கு ஒன்று. பிறகு நான் பாலத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர்க் குடம், ஒரு சட்டி சிமென்ட், கண்ணாடிச் சில்லு, பெயின்ட் டப்பா. தலைக்கு மேலே பன்னிரண்டு சக்கர லாரி போகும்போது பாலம் ஒரு பெருமூச்சு விடும். லாரி போனதும் மூச்சை உள்ளே இழுக்கும். அந்த இழுப்பில்தான் கண்ணாடி உடையும். சத்தம் பெரிதாக இருக்காது, பல்லி சொல்வதுபோல ஒரு டிக். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு குரல். முதல் கண் கனமாகச் சொல்லும், ஆறாம் கண் கீச்சென்று. கண்ணை மூடிக்கொண்டே எது உடைந்தது என்று சொல்வேன். ஏணியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சில நாள் சிமென்ட் காய்வதற்குள்ளேயே மறுபடியும் டிக். ஒரு நாள் ஆறாம் கண்ணுக்கு மட்டும் நாலு தடவை அந்தப் பாம்புச் சுழியைப் போட்டேன்.

டிரைவர்கள் மெதுவாகப் போனால் உடையாதே என்று மேலே போய்ச் சொல்லியும் பார்த்தேன். "பாலம் ஸ்ட்ராங்குன்னு போர்டு வச்சிருக்கே, நீ யாரும்மா?" என்றான் ஒருவன். போர்டு நான் கழுவித் துடைத்து வைத்ததுதான்.

பாய் கடையில் சில்லுகள் தீர்ந்துவிட்டன. "சாமிங்கள்ளாம் கண்ணாடி இல்லாம நிக்குதும்மா" என்றார். வீட்டில் அலமாரிக் கண்ணாடி போயிற்று. பட்டம் வாங்கியபோது எடுத்த படத்தின் கண்ணாடி போயிற்று. சான்றிதழுக்குச் சட்டம் போட்டிருந்தேன், அதுவும் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம், மறுநாள் காலையில் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் கண்ணுக்கு ஒன்று குறைகிறது. வீடு முழுக்கத் தேடினேன். சுவரில் அவர் இருந்தார்.

என்ன செய்ய? அவரும் சாலைப் பணியாளர்தானே. கழற்றினேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தபோது ஆள் கொஞ்சம் இளைத்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே வேறு கண்ணாடி தேடித் தந்திருப்பேனே என்கிற மாதிரி பார்த்தார். அவர் எப்போதும் அப்படித்தான், பேசாமலே குறை சொல்வார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு பேராசிரியரைக் கூட்டி வந்திருந்தார்கள். கூர்மையான மனுஷர். இரண்டாம் கண்ணில் நின்றுவிட்டார்.

"இந்தக் கண்ணாடியில என்ன, சந்தனம் குங்குமம்?"

எனக்கு உயிரே போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவர் படத்துக்கு நான் வைத்த பொட்டு. துடைக்க மறந்திருக்கிறேன். குப்புராஜ் என்னைப் பார்த்தார், நான் ஆற்றைப் பார்த்தேன்.

"ஆயுத பூஜைக்கு வச்சது சார்" என்றார் குப்புராஜ்.

"ஒண்ணுக்கு மட்டுமா?"

"இதுதான் சார் எல்லாத்துலயும் மூத்தது."

அன்று சாயங்காலமே மற்ற ஆறுக்கும் பொட்டு வைத்துவிட்டேன்.

ஆனால் பேராசிரியர் அதோடு விடவில்லை. ஏணியில் ஏறி, கண்ணாடிக்குப் பக்கத்தில் விரிசலுக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்தார். முதல் கணு வரைக்கும் போயிற்று. பதினோரு வருஷத்துக்கு முந்திய ஃபைலில் விரிசல் இரண்டு மில்லிமீட்டர் என்று இருக்கிறது. விரல் எப்படிப் போகும் என்று கேட்டு எழுதிவிட்டார்.

ஆபீசில் மூன்று மீட்டிங் நடந்தது. கண்ணாடி சரியா, விரல் சரியா என்று. கடைசியில் பதில் போட்டார்கள். தட்டச்சு செய்த பெண் எனக்குக் காட்டினாள், மனப்பாடமாகவே இருக்கிறது. "கண்ணாடிகள் ஏழும் முழுமையாக உள்ளமையால் விரிசல் விரிவடையவில்லை என்பது உறுதியாகிறது. விரல் நுழைவது விரலின் பருமனைப் பொறுத்ததாகும்." எவ்வளவு நல்ல தமிழ் பாருங்கள். அடுத்த தடவை குழு வந்தபோது, விரல் பருமனான ஒருவரை ஆபீசிலிருந்து அனுப்பினார்கள். அவருக்கு நுழையவில்லை. பேராசிரியருக்குப் பிடிவாதம். தன் சுண்டுவிரலையே வெட்டி மேலிடத்துக்கு அனுப்பிவைப்பேன் என்கிற அளவுக்குப் போய்விட்டார்.

அதனால்தான் இன்றைக்குப் பெரிய அதிகாரி நேரில் வருகிறார். மாசிலாமணி வேறு நேற்று வீட்டுக்கு வந்தான். கையில் புது மெமோவோடு.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தப் பாலத்துல நீ ஏன் பஸ்ல உக்காந்து போறதில்ல?"

"பழக்கம்டா."

"உன் பேத்தி லீவுக்கு வந்தப்ப அவளையும் இறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போன. நான் பாத்தேன்."

"சின்னப் புள்ள, நடந்தா நல்லது."

"மத்தவங்க புள்ளைக்கு?"

 பொறாமையில் கேட்கிறான். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். காபியை அவன் குடிக்கவில்லை.

பையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். என் வாக்குமூலம். ஒரே வரி. "எனது பணிக்காலத்தில் கண்ணாடி எதுவும் உடையவில்லை." அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முடிந்தது. விடியற்காலையிலேயே போய் ஏழையும் புதிதாக மாற்றிவிட்டேன். பாய் தன் கடை ஷோகேஸ் கண்ணாடியையே அறுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளித்துப் புடவை மாற்றிக்கொண்டு இந்த பஸ்ஸில் ஏறினேன். இனி பதினோரு மணி வரைக்கும் பாலத்தின் மேல் ஒரு சக்கரம் உருளக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். அந்தக் கரையில் காலையிலேயே தார் டிரம்மை உருட்டி வைத்துக் கருவேல முள்ளையும் வெட்டிப் போட்டுவிட்டேன். இந்தக் கரைதான் பாக்கி.

விசில் கொடு தம்பி. நிறுத்தச் சொல். இல்லை, நான் மட்டும் இல்லை, எல்லோரும் இறங்க வேண்டும். வேலை நடக்கிறது. என்ன வேலையா? பாலத்து வேலை. டிரைவர் தம்பி, நீ என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள், பஸ் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. நான் சாலைப் பணியாளர், கொடி என் கையில் இருக்கிறது.

இறங்குங்கள் அம்மா. பார்த்து, படி உயரம். வளைகாப்பு எங்கேயும் போய்விடாது. முக்கால் மணி நேரம்தான். பின்னால் ஒரு லாரி வருகிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று. நான் ஒருத்தி போதாது. உங்கள் தட்டில் சிவப்பில் ஒரு ரவிக்கைத் துணி இருக்கிறதே, அதைக் கொடுங்கள். இப்படி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு சாலை நடுவில் நில்லுங்கள். பட்டுப்புடவையில் நின்றால் மரியாதையாக நிறுத்துவார்கள். நூல் புடவையில் நான் நின்றால் ஹாரன் அடிக்கிறார்கள். பாருங்கள், நிறுத்திவிட்டான். என்ஜினையும் அணைக்கச் சொல்லுங்கள்.

அப்பாடா. எவ்வளவு அமைதியாக இருக்கிறது. நாலு மாதம் ஆயிற்று, இந்தப் பாலத்தை நான் சும்மா பார்த்து. மேலே ஒன்றும் இல்லை. வண்டி இல்லை, மாடு இல்லை, ஒரு மனுஷர் இல்லை. அந்தக் கரை வரைக்கும் வெயில் மட்டும் கிடக்கிறது. காற்றுகூட இல்லை, முள்மரம் அசையவில்லை.

கேட்டதா?

இல்லை, ஒன்றும் இல்லை. பல்லியாக இருக்கும்.

இரண்டாம் கண்.

ஆனால் மேலே ஒன்றும் இல்லையே அம்மா. நீங்களும் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறீர்கள்? நீங்கள் சாட்சி. யாரும் போகவில்லை. யாரும் தொடவில்லை. இதோ, ஐந்து. இப்போது ஆறு, கீச்சென்று கேட்டதே, அது ஆறு. சும்மா இருக்கிற பாலம் ஏன் அம்மா இப்படிச் செய்ய வேண்டும்?

துணியை இறக்காதீர்கள். கை வலித்தாலும் இறக்காதீர்கள். லாரிக்காரன் கத்தட்டும். அந்தக் குழந்தையை யாராவது பிடியுங்கள், பாலத்தின் மேல் ஓடுகிறது பாருங்கள், பிடியுங்கள். பிள்ளையைக் கையில் வைத்துக்கொள்ளத் தெரியாதா உங்களுக்கு? இந்தப் பக்கம், இன்னும் தள்ளி, எல்லோரும் தள்ளி வாருங்கள்.

வெள்ளை ஜீப் வருகிறது. அவர்கள்தான். அரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். பெரிய அதிகாரி என்று வழி விட்டுவிடாதீர்கள், அவரையும் நிறுத்துங்கள். அந்தக் கரையில் பந்தல் போட்டு நாற்காலி போட்டிருக்கிறது, அங்கே போக வேண்டும் என்பார். வேண்டாம். இங்கேயே இறங்கட்டும். மாலை அந்தக் கரையில் இருந்தால் இருக்கட்டும்.

உங்களிடம் பேனா இருக்கிறதா அம்மா? இந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. எத்தனை தடவை உடைந்தது என்று கேட்பார்கள், அதுதான் யோசிக்கிறேன். நான் எண்ணி வைக்கவில்லை. தினமும் என்று எழுதினால் போதுமா?